அஷ்வினி போடாத கையெழுத்து

அத்தியாயம் பதினொன்று

கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து இறங்கிய அஷ்வினியை, கம்பளையில் தகப்பன் வீட்டு வாசலில் பெட்டியோடு நிறுத்திவிட்டுப் போன வாரம் நாம் நகர்ந்துவிட்டோம். அவள் உள்ளே வந்து மூன்று நாளாகிறது. இதுவரை வாசிக்காதவர்களும் இந்த வாரம் வாசிக்கக்கூடும் என்பதால், நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அஷ்வினியின் ஒரே தம்பி றொட்னி இறந்து இன்றைக்கு முப்பத்தோராம் நாள். ஆபிரிக்காவில் ஓர் எல்லைப்புற ஊரில், ஒரு சர்வதேச நிவாரண அமைப்பின் லொறிகளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஒரு விடியற்காலையில் அவன் ஓட்டிப்போன ஜீப் பாதையை விட்டு இறங்கிப் புரண்டது. எதிரே வாகனம் இல்லை, மழை இல்லை, பிரேக்கிலும் பிழை இல்லை. ஓட்டும்போதே தூங்கிப் போயிருக்கலாம் என்று சொன்னார்கள்.

அஷ்வினிக்கும் அதே அமைப்பில்தான் வேலை. ஜெனீவாத் தலைமைக் காரியாலயத்தில், ஊழியர்களுடைய உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் பொறுப்பான பிரிவுக்கு அவள் தலைவி. நாற்பது நாடுகளில் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு நெஞ்சு வலி, யார் வெடிச்சத்தம் கேட்ட நாளிலிருந்து சாப்பிடாமல் கிடக்கிறார்கள் என்பதெல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். இந்த உத்தியோகத்தின் முழுப் பெயரைத் தகப்பன் வில்பிரட் இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, பாதியில் கைவிட்டார். இப்போது யார் கேட்டாலும், வேலை செய்கிறவர்களுக்கு என் மகள் டாக்டர் என்று சொல்லிவிடுவார்.

இனி, அஷ்வினி இந்த வீட்டில் யாரிடமும் சொல்லாத விஷயம்.

றொட்னி போன லொறி வரிசைமீது ஒரு நாள் சுட்டார்கள். பக்கத்தில் இருந்த சாரதி அவன் மடியிலேயே உயிரை விட்டான். அதற்குப் பிறகு றொட்னிக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு திங்கட்கிழமை அக்காவுக்கு எழுதினான். கண்ணை மூடினால் அந்த முகம் வருகிறது, வண்டி ஓட்டப் பயமாக இருக்கிறது, ஒரு மாதம் என்னை வண்டியிலிருந்து இறக்கி விடச்சொல்லுங்கள் அக்கா என்று எழுதியிருந்தான்.

இந்த மாதிரி ஒரு வரி யார் எழுதினாலும் இரண்டு நாளுக்குள் ஒரு டாக்டர் அவரோடு பேசவேண்டும், அதுவரை அவர் வண்டித் திறப்பைத் தொடக்கூடாது, ஓட்டக்கூடாது என்பது விதி. விதியை எழுதியவளும் அஷ்வினிதான். ஆனால் இந்த வரியை எழுதியது சொந்தத் தம்பி. அவள் பார்ப்பது முறையில்லை. அவளுக்குக் கீழே வேலை செய்கிற டாக்டர்கள் பார்ப்பதும் முறையில்லை. ஆகவே, வெளியிலிருந்து ஒரு டாக்டரை நியமியுங்கள் என்று குறிப்பு எழுதி, கடிதத்தை நிர்வாகப் பிரிவுக்கு அனுப்பிவிட்டாள். திறப்பை வாங்கிவைக்கும் உத்தரவிலும் தன் கையெழுத்து இருக்கக்கூடாது என்று, அதையும் வரப்போகிற டாக்டருக்கே விட்டாள். வெளியாள் ஒருவரைத் தேடி, ஒப்பந்தம் எழுதி, கையெழுத்து வாங்கப் பத்தொன்பது நாள் ஆனது. றொட்னியின் ஜீப் புரண்டது பதினாறாம் நாள்.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அவளுக்குப் போன் எடுத்துப் பேசினான். பேப்பர் போய்க்கொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறு தம்பி என்று அவள் சொன்னாள். அவசரமில்லை அக்கா என்று அவன் சொன்னான். அவசரமில்லை என்று சொன்ன அந்தக் குரல் ஒரு மாதமாக அவள் காதை விட்டுப் போகவில்லை.

நாளைப் பின்னேரம் அவளுக்குப் பிளேன். அதற்குள் றொட்னியின் மனைவி சர்மிளாவிடம் இதைச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் வந்திருக்கிறாள். மூன்று நாளாக அதற்கு வாய் திறக்கவில்லை.

அன்று காலை கத்தோலிக்கக் கோயிலில் ஏழு மணிப் பூசைக்குத் தகப்பன், மகள், மருமகள் மூன்று பேரும் நடந்தே போனார்கள். சர்மிளா வெள்ளைச் சேலையோடு முன்னால் வேகமாக நடந்தாள். அவள் கம்பளையிலேயே ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பெண், பிறப்பால் இந்து. கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளைகள் இல்லை. அந்த ஒன்பது வருடத்தில் றொட்னி வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்தால் இரண்டு வருடம் வந்தால் பெரிது.

வில்பிரட்டுக்கு எழுபத்தாறு. பாலத்தடியில் மூச்சு வாங்கி நின்றார். கீழே மகாவலி கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. சர்மிளா காது கேட்காத தூரத்துக்குப் போனதைப் பார்த்துவிட்டு, மகளைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“அவன் ஒனக்கு ஏதாவது எழுதினானாம்மா? சொகமில்லன்னு, கிகமில்லன்னு?”

அஷ்வினி ஆற்றைப் பார்த்தாள்.

“இல்லப்பா.”

“எழுத மாட்டான். என் பிள்ளைங்க ரெண்டும் அப்பிடித்தான்” என்றார் வில்பிரட். அதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்ததை அவள் கண்டாள். தகப்பனிடம் பொய் சொல்வது அவளுக்குப் பழக்கமில்லை.

பூசையில் பாதர் றொட்னியின் பெயரை மூன்று தடவை சொன்னார். மூன்றாம் தடவை சர்மிளா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். பிறகு கல்லறைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினார்கள். சிமெந்து இன்னும் பூசப்படாத மண் மேடு. ஆபிரிக்காவிலிருந்து வந்த பெட்டியைத் திறக்கவேண்டாம் என்று அப்போது சொல்லியிருந்ததால், வில்பிரட் மகனுடைய முகத்தைப் பார்க்காமலே மண் போட்டவர். இன்றைக்கும் அவர் அந்த மேட்டைச் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் வீட்டில் இருபது பேருக்குச் சாப்பாடு. அதிகம் சர்மிளாவின் ஆட்கள். புசல்லாவையிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள், சம்பந்தி வீட்டுத் துக்கத்துக்கு வெறுங்கையோடு வரக்கூடாது என்று மரக்கறி மூட்டையும் தேயிலையும் கொண்டுவந்திருந்தார்கள். சர்மிளாவின் தகப்பன் காளிமுத்து கதிரையை இழுத்துப் போட்டுச் சம்பந்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு பேருக்கும் அறிமுகம் பழையது. வில்பிரட் முப்பது வருடம் அந்தத் தோட்டத்து மருந்துச் சாலையில் டிஸ்பென்சராக இருந்தவர். தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து, மருந்துச் சாலைக் கதிரைக்கு வந்தவர். சுகமில்லாதவர் அன்றைக்கு வேலைக்குப் போகத் தேவையில்லை என்று அவர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தால் அதற்குக் கங்காணி முதல் துரை வரை மறுபேச்சு இல்லை. அந்தத் துண்டைத் தன் சொந்தக்காரர் ஒருவருக்கும் எழுதியதில்லை என்பதுதான் வில்பிரட்டின் பெருமை. சொந்தத்துக்கு எழுதினால் மற்ற எல்லாத் துண்டுக்கும் மதிப்புப் போய்விடும் என்பார். அஷ்வினி அதைக் கேட்டே வளர்ந்தவள். பாடப் புத்தகத்துக்கு முன்னால் அவள் மனப்பாடம் செய்தது அதைத்தான்.

சாப்பிட்டு முடித்த வாயோடு வில்பிரட் அன்றும் அதை ஆரம்பித்தார். மகள் அவ்வளவு பெரிய இடத்தில் இருந்தும் மகன் ஒரு நாள் அவளிடம் ஒரு சலுகை கேட்டதில்லை, அவளும் ஒரு நாள் அவனுக்காக ஒரு கையெழுத்துப் போட்டதில்லை, காலையில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்றார். சொல்லும்போது கண் கலங்கியது. பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டுமல்லவா, அவருக்கு அது கிடைத்திருந்தது.

காளிமுத்து கேலிக்காரர். துக்க வீட்டிலும் கொஞ்சம் சிரிக்கவைத்துவிட்டுத்தான் எழும்புவார்.

“எங்க டிஸ்பென்சரையாவுக்குச் சொந்தக்காரனாப் பொறக்கிறதுதான் பாவம்னு லயத்துல பேசிக்குவோம்” என்றார். “தோட்டத்துல எல்லாருக்கும் துண்டு. அவரு கூடப் பொறந்த தம்பி மட்டும் காய்ச்சலோட மலைக்கு வேலைக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். வில்பிரட்டும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார். தண்ணீர்ச் செம்போடு நின்ற அஷ்வினி, யாருக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறோம் என்று மறந்து, ஒரு கிழவரின் தம்ளரை வழியவிட்டாள். அவளைக் கவனித்தது சர்மிளா மட்டும்தான். துணி கொண்டுவந்து மேசையைத் துடைத்தாள்.

மூன்று மணிக்கு ஒரு கூட்டம் இருந்தது. அமைப்பின் ஊழியர்களோடு மாதத்துக்கு ஒரு தடவை அஷ்வினி இணையத்தில் பேசுவது வழக்கம். இந்தத் தடவை நான் பேசுகிறேன், நீங்கள் வீட்டாரோடு இருங்கள் என்று அவளுடைய உதவித் தலைவர் நபீல் ஜெனீவாவிலிருந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. றொட்னி வேலை செய்த ஊரில் இருக்கிறவர்கள் ஒரு மாதமாகத் தன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள், ஒளிந்துகொண்டால் தப்பாகிவிடும் என்றாள். அது உண்மை. வீட்டில் சொல்லமுடியாததைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போட ஒரு சாக்குக் கிடைத்தது என்பதும் உண்மை.

இறந்துபோன தாய் மார்கிரட்டின் தையல் மெஷின்மேல் மடிக்கணினியை வைத்து, அறைக் கதவைச் சாத்தி, அஷ்வினி இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். நன்றாகவே பேசினாள். தூக்கம் வராவிட்டால் சொல்லுங்கள், பயமாக இருந்தால் சொல்லுங்கள், உதவி கேட்பது பலவீனம் இல்லை என்றாள். இருநூறு தடவை சொன்ன வசனங்கள்தான். இன்றைக்குத் தன் வாயிலிருந்து வந்த ஒவ்வொன்றும் அவளுக்கே கசந்தது.

கேள்வி நேரத்தில் அந்த எல்லைப்புற ஊரின் சாரதி ஒருவர் பேசினார். றொட்னியோடு ஒரே அறையில் இருந்தவர். றொட்னி உதவி கேட்டு எழுதியது எங்களுக்குத் தெரியும், தினமும் பதில் வந்ததா என்று பார்ப்பான், நாங்கள் கேட்டாலும் இவ்வளவு நாள் ஆகுமா என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தனிப்பட்ட ஒருவருடைய விஷயத்தைப் பொதுவில் பேசமுடியாது என்று எழுதிவைத்திருந்த வரியை அஷ்வினி வாசித்தாள். உங்களுக்கு இரண்டு நாளில் பதில் வரும் என்று உறுதி சொன்னாள். வேறு கேள்வி இருக்கிறதா என்று கேட்டாள். கூட்டம் முடிந்து திரும்பினாள்.

கதவு திறந்திருந்தது. பால் விடாத பிளேன்டீக் கோப்பையோடு சர்மிளா நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அவளுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக ஓடாது. ஆனால் புருஷனுடைய பெயர் எந்தப் பாஷையிலும் பெயர்தானே.

“றொட்னின்னு சொன்னாங்களே அக்கா” என்றாள். “அவரப் பத்தி என்னா கேட்டாங்க?”

அஷ்வினி மடிக்கணினியை மூடினாள். கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் உட்காரச் சொன்னாள். சர்மிளா உட்காரவில்லை. பரவாயில்லை என்று தான் உட்கார்ந்து அஷ்வினி ஆரம்பித்தாள். தம்பி எழுதிய கடிதத்தை, என்ன கிழமை, என்ன எழுதியிருந்தான் என்பது உட்படச் சொன்னாள். தான் அதைப் பார்க்காமல் நிர்வாகப் பிரிவுக்கு அனுப்பியதைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பொறு என்று சொன்னதைச் சொன்னாள். பதில் போவதற்குள் அவன் போய்விட்டான் என்று சொல்லும்போது குரல் உடைந்தது. காலையில் அப்பாவிடம் இல்லை என்று பொய் சொன்னதையும் மறைக்கவில்லை.

“என்னைய என்ன சொன்னாலும் சரி சர்மி. ஏசினாலும் சரி. ஒனக்குத் தெரியாம நான் திரும்பிப் போகக்கூடாது” என்று முடித்தாள்.

ஏசுவாள் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அதை விரும்பவும் செய்தாள். சர்மிளா கோப்பையைத் தையல் மெஷின்மேல் வைத்தாள்.

“எனக்குத் தெரியும் அக்கா.”

அஷ்வினி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒங்களுக்கு எழுதச் சொன்னதே நான்தான்.”

அதன் பிறகு சர்மிளா சொன்னதை ஒரே மூச்சில் சொன்னாள். றொட்னிக்கு அக்காவிடம் கேட்க மனமே இருக்கவில்லை. அக்காவைச் சங்கடத்தில் மாட்டக்கூடாது என்றான். அந்த ஊருக்குக் கிழமைக்கு ஒரு நாள் அமைப்பின் டாக்டர் அம்மா ஒருவர் வருவார், வரிசையில் நின்று அவரிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றான். சர்மிளா விடவில்லை. போனிலேயே இரண்டு நாள் சண்டை பிடித்தாள். சோறு சாப்பிடமாட்டேன் என்று கூடச் சொன்னாள்.

“சொந்த அக்கா அவ்ளோ பெரிய டாக்டரா இருக்கப்ப, வேத்தாள்கிட்ட போய் எதுக்கு நிக்கணும்னு கேட்டேன். அவங்க ஒரு வார்த்த சொன்னா ஒடனே நடக்கும்னு சொன்னேன். எனக்காகத்தான் எழுதினாரு.”

சர்மிளா கிட்டே வந்து, கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் இப்போது உட்கார்ந்தாள். முப்பத்தொரு நாளாக யாரிடமும் கேட்கமுடியாமல் வைத்திருந்த கேள்வி அது. கேட்கும்போது முகத்தை அஷ்வினியின் முகத்துக்கு நேரே வைத்துக் கேட்டாள்.

“அந்த டாக்டரம்மாகிட்டயே சொல்லியிருந்தா என்னக்கா ஆயிருக்கும்?”

என்ன ஆகியிருக்கும் என்று அஷ்வினிக்குத் தெரியும். இந்த உலகத்தில் அவளைப்போல அதைத் தெரிந்தவர் இல்லை. அவன் யாருடைய தம்பி என்று தெரியாத அந்த டாக்டர் அன்றைக்கே றொட்னியின் கையிலிருந்து வண்டித் திறப்பை வாங்கியிருப்பார். மூன்றாம் நாள் அவன் பிளேனில் இருந்திருப்பான். ஜீப் புரண்ட அந்த விடியற்காலையில் இதே கட்டிலில், இதே பெண்ணுக்குப் பக்கத்தில் படுத்திருப்பான். வேற்றாளாக இருந்திருந்தால் பிழைத்திருப்பான். அக்காவுக்குத் தம்பியாக எழுதியதால் செத்தான்.

பாரத்தை இறக்கிவைக்கத்தான் அவள் ஜெனீவாவிலிருந்து வந்தாள். இறக்கினால் அது யார் தலையில் விழும் என்று இப்போதுதான் தெரிந்தது.

“ஒண்ணும் மாறியிருக்காது சர்மி” என்றாள். “அவங்களும் இதையேதான் செஞ்சிருப்பாங்க. அவங்களுக்கும் அவ்ளோ நாள்தான் எடுத்திருக்கும்.”

“நெசமாவா?”

“நெசமா.”

சர்மிளாவின் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. செத்த வீட்டன்றும் சத்தம் போட்டு அழாதவள், அஷ்வினியின் மடியில் முகத்தை வைத்து அழுதாள். அஷ்வினி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொல்லச் சம்பளம் வாங்குகிறவள், அன்றைக்கு முதல் தடவையாக ஓர் ஆறுதல் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தாள். அது பொய்யாகவும் இருந்தது. வெளியே வில்பிரட் யாரையோ பஸ்ஸுக்கு வழியனுப்பிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் சர்மிளா எழுந்து முகத்தைத் துடைத்தாள். பிளேன்டீ ஆறிவிட்டது, வேறு ஊற்றிக்கொண்டு வருகிறேன் என்றாள். கதவுவரை போனவள் ஏதோ ஞாபகம் வந்து நின்றாள்.

“ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். காலையில இவரு வேல செஞ்ச எடத்துக் கொழும்பு ஒபிஸ்ல இருந்து ஒரு மிஸ் பேசினாங்க. இவரு விசயமா வெசாரிச்சாங்க இல்லையா, அந்த ரிப்போட் முடிஞ்சிருச்சாம். எந்த நாள் யாருக்கு எழுதினாரு, மொறப்படி எத்தன நாள்ல பதில் வந்திருக்கணும், எல்லாம் அதுல இருக்காம். பொண்டாட்டிக்கு ஒரு கொப்பி குடுக்கணும்னு புதுசா சட்டமாம். வியாழக்கெழம கொண்டாறாங்க.”

அமைப்பில் அந்தச் சட்டம் புதிதுதான். இறந்தவருடைய வீட்டாரிடம் எதையும் மறைக்கக்கூடாது என்று, போன வருடம் ஆறு மாதம் ஆட்களோடு சண்டை பிடித்து அதைக் கொண்டுவந்தவள் அஷ்வினி. சற்று முன்னால் பேசியபோது அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. அப்போது பேசியது அந்த அதிகாரி இல்லை, றொட்னியின் அக்கா.

“எல்லாம் இங்கிலீசுல இருக்குமாம்” என்றாள் சர்மிளா. “பக்கத்து வீட்டு ஆளுங்கள வச்சு வாசிக்க எனக்கு விருப்பமில்ல. மாமாவும் வாசிப்பாரு, ஆனா அவரு தாங்கமாட்டாரு. டிக்கட்ட வியாழக்கெழமைக்கு அங்கிட்டு மாத்திக்குங்கக்கா. நீங்களே வாசிச்சுக் காட்டுங்க. ஒரு வரி விடாம.”

முப்பத்தொரு நாளில் முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அஷ்வினி சரி என்று தலையசைத்தாள். சர்மிளா குசினிக்குள் போய்க் கேத்தலை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது. அஷ்வினி போனை எடுத்து, டிக்கட்டை மாற்றுவதற்கு இலக்கத்தைத் தேடினாள்.